விடியப்புறம் மூன்றரை மணி

விழுந்த கோட்டைகள் – வாரத் தொடர்

போன வாரம் எங்கே நிறுத்தினோம்? நினைவிருக்கிறதா?

பெல்வியூ. அமெரிக்காவின் வடமேற்கில், சியாட்டிலுக்குப் பக்கத்து ஊர். அங்கே ஃபயர்வோக் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம். ஆண்டுக்கணக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்த ஒரு விளையாட்டை முதன்முறையாக உலகத்துக்கு முழுதாகக் காட்டப் போகிறார்கள் என்ற இடத்தில் நிறுத்தினோம்.

வாருங்கள், உள்ளே போவோம்.

2024 மே 30. பெல்வியூவில் பிற்பகல் மூன்று மணி. ரொறன்ரோவில் மாலை ஆறு. லண்டனில் இரவு பதினொன்று. நமக்கு நாளே மாறிவிட்டது. கோப்பாயில் மே 31, விடியப்புறம் மூன்றரை.

ஊர் நித்திரையில் கிடந்த நேரம். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறவர்கள்கூட எழும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் முழித்திருக்கிறான். அவன் அனுப்புகிற செய்தியில் இங்கே ஒரு கைபேசி அதிர்கிறது. நம் பெடியளில் சிலருக்கு அந்த நேரம் விடிந்துவிட்டது.

சோனி நிறுவனம் தன் புதிய விளையாட்டுகளைக் காட்டும் ஒளிபரப்பு அது. பெயர் 'ஸ்டேட் ஒஃப் ப்ளே'. சுமார் அரை மணி நேரம்தான். அதற்குள் 14 விளையாட்டுகள்.

அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாம் முடிவானது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

முதலாவதாக மேடையேறியது நம் கதாநாயகன்.

கொன்கோர்ட்.

நிகழ்ச்சியின் முதல் இடத்தை எந்த விளையாட்டுக்கும் சும்மா கொடுக்க மாட்டார்கள். எல்லாக் கண்களும் திரையில் இருக்கும் நேரம் அது. அந்த இடத்தைக் கொன்கோர்ட்டுக்குக் கொடுத்தார்கள் என்றால், சோனி அதன்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தது என்று பாருங்கள்.

திரையில் ஒரு விண்கலம். உள்ளே ஒரு கூட்டம். வாடகைக்குச் சண்டை பிடிக்கிறவர்கள். பச்சைத் தோல்காரன் ஒருவன், இரண்டு கைத்துவக்குகளோடு. பெயர் லெனொக்ஸ். கூடவே ஓர் இயந்திர மனிதன். ஒருவரை ஒருவர் சீண்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், சிக்கலில் மாட்டுகிறார்கள். சினிமாத் தரத்தில் செய்த படம். முகத்தில் ஒரு சுருக்கம் விழுவதுகூடத் தெரிகிறது.

பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் என்றாலே கதை சொல்லும் விளையாட்டு என்றுதானே இவ்வளவு காலமும் பெயர்? இந்தக் கூட்டத்தோடு நாமும் அந்தக் கலத்தில் ஏறி விண்மீன் மண்டலம் சுற்றப் போகிறோம் என்று நினைத்தார்கள்.

படம் முடிந்தது.

அடுத்த காட்சி.

ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். இணையத்தில் மட்டும். சுடு, விழு, எழும்பு, மறுபடி சுடு.

அவ்வளவுதான்.

இந்த வகை விளையாட்டு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத அம்மாக்களுக்காக ஒரு வரி. திரையில் துவக்குப் பிடித்த கை மட்டும் தெரியும். மற்றபடி நீங்கள்தான் அந்த ஆள், அவன் கண்தான் உங்கள் கண். எதிரே வருகிறவனும் உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருந்து விளையாடுகிற உண்மையான மனிதன்.

அதில் குற்றம் ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கானவர்கள் விரும்பி விளையாடுகிற வகை அது. ஆனால் அந்த நிமிடம் நடந்தது வேறு. நாலைந்து நிமிடம் ஒரு கதையைக் காட்டி ஆசையை மூட்டிவிட்டு, அந்தக் கதையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்த்தவர்களின் மனம் அங்கேயே முறிந்தது. யூடியூபில் அந்தப் படத்துக்குக் கீழே பிடிக்கவில்லை என்று அழுத்தியவர்கள், பிடித்தது என்றவர்களை வெகு தூரம் தாண்டிப் போனார்கள்.

என் கணிப்பைச் சொல்கிறேன். பிற்பாடு ஆயிரம் காரணம் சொன்னார்கள். விலை என்றார்கள், முகங்கள் பிடிக்கவில்லை என்றார்கள், விளம்பரம் போதாது என்றார்கள். எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கொன்கோர்ட் தோற்ற நிமிடம் எது என்று கேட்டால், நான் அந்த வெட்டைத்தான் காட்டுவேன். விண்கலம் மறைந்து ஐந்துக்கு ஐந்து வந்த அந்த வெட்டு.

காட்சியின் கடைசியில் ஒரு திகதி வந்தது.

ஓகஸ்ட் 23.

இதைக் கையில் பிடித்து வைத்திருங்கள். இன்னொரு திகதியும் வரப்போகிறது.

சரி, இத்தனை பெரிய நிறுவனம் ஏன் இப்படிச் செய்தது? கொஞ்சம் நிறுத்தி, திரைக்குப் பின்னால் நின்ற மனிதர்களைப் பார்த்துவிடுவோம்.

முதலில் செய்தவர்கள். ஃபயர்வோக் 2018-இல் தொடங்கியது. அதற்குத் தாயாக இருந்தது புரொபப்ளி மொன்ஸ்டர்ஸ். அதை நிறுவியவர் ஹரோல்ட் ரையன். பஞ்சி என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் முன்னாள் தலைவர். ஹேலோவையும் டெஸ்டினியையும் செய்த அதே பஞ்சி. கொன்கோர்ட்டை இயக்கிய ரையன் எல்லிஸும் அங்கிருந்து வந்தவர்தான். துவக்கு விளையாட்டு செய்வது அவர்களுக்குக் கைவந்த தொழில். விசையை அழுத்தினால் கைக்கு என்ன தெரிய வேண்டும், காதுக்கு என்ன கேட்க வேண்டும் என்று நுணுக்கி நுணுக்கிச் செய்கிற ஆட்கள்.

2018-இல் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த உலகம் எது? ஓவர்வொட்ச். 2016-இல் வந்து உலகத்தையே ஆட்டிப்படைத்த விளையாட்டு. ஆளுக்கொரு வல்லமை உள்ள வீரர்கள், அணியணியாகச் சண்டை. காசு கொடுத்து வாங்கினார்கள், கோடிக்கணக்கில் விளையாடினார்கள். அப்படி ஒன்று நாமும் செய்வோம் என்று ஃபயர்வோக்காரர் நினைத்தது பிழையா? அன்றைக்குப் பிழையே இல்லை.

ஆனால் ஒரு பெரிய விளையாட்டுச் செய்ய ஐந்தாறு வருடம் பிடிக்கும். உலகம் அதுவரை காத்திருக்குமா?

காத்திருக்கவில்லை. 2019-இல் ஏபெக்ஸ் லெஜென்ட்ஸ் வந்தது. சும்மா. 2020-இல் வலோரன்ட். அதுவும் சும்மா. 2022-இல் ஓவர்வொட்சின் இரண்டாம் பாகமே இலவசமாகிவிட்டது. உடுப்பு, அலங்காரம் விற்றுத்தான் காசு. விளையாட வருகிறவனிடம் வாசலில் யாரும் காசு கேட்பதில்லை.

ஃபயர்வோக் மட்டும் 2018-இன் கனவை 2024-க்குச் சுமந்துகொண்டு வந்தது.

அடுத்து வாங்கியவர்கள். சோனியின் விளையாட்டுப் பிரிவுக்கு அப்போது ஜிம் ரையன் தலைவர். வருடக்கணக்காக விளையாடிக்கொண்டே இருக்கிற, வருமானம் வந்துகொண்டே இருக்கிற விளையாட்டுகள் வேண்டும் என்பது அவர் காலத்துக் கொள்கை. ஃபோர்ட்நைட் அள்ளுகிற காசைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் ஆசை வராது? 2022-இல் 360 கோடி டொலர் கொடுத்துப் பஞ்சியையே வாங்கினார்கள். 2026 மார்ச்சுக்குள் அப்படிப்பட்ட பத்துக்கு மேற்பட்ட விளையாட்டுகள் வரும் என்று முதலீட்டாளர்களுக்குச் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் ஃபயர்வோக்கையும் வாங்கினார்கள். அப்போது அங்கே வேலை செய்தவர்கள் சுமார் 150 பேர்.

பிறகு ஒவ்வொன்றாகச் சரியத் தொடங்கியது. அந்த எண்ணிக்கை ஆறாகக் குறைந்தது. 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' உலகத்தில் செய்துகொண்டிருந்த இணைய விளையாட்டை 2023 டிசம்பரில் கைவிட்டார்கள். 2024 பெப்ரவரியில் 900 பேருக்கு வேலை போனது. மார்ச்சில் ஜிம் ரையன் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

அந்த இருட்டுக்குள் ஒரு வெளிச்சம். ஹெல்டைவர்ஸ் 2.

சுவீடன் நிறுவனமான அரோஹெட் செய்தது. 2024 பெப்ரவரியில் வந்தது. இணையத்தில் கூடிச் சேர்ந்து விளையாடுவது. விலை 40 டொலர். 12 வாரத்தில் 1 கோடி 20 லட்சம் பிரதிகள் விற்றன!

இப்போது சோனி மேசையில் உட்கார்ந்து யோசியுங்கள். கொன்கோர்ட்டும் துவக்கு விளையாட்டு. கொன்கோர்ட்டும் இணையத்தில்தான். கொன்கோர்ட்டுக்கும் 40 டொலர் வைத்தால் என்ன? ஹெல்டைவர்ஸ் ஓடியதே!

அந்த நியாயம் கண்ணை மறைத்தது. ஹெல்டைவர்ஸ் மாதிரி வேறொன்று சந்தையில் இல்லை. கொன்கோர்ட் மாதிரி ஏற்கெனவே பல இருந்தன, எல்லாம் சும்மா.

மூன்றாவது ஆள், ஹெர்மன் ஹல்ஸ்ட். இந்தத் தொடரில் இனி இவர் முகம் அடிக்கடி வரும், நன்றாகப் பார்த்து வையுங்கள். நெதர்லாந்துக்காரர். சோனியின் ஸ்டூடியோக்கள் எல்லாவற்றுக்கும் தலைவர். ஃபயர்வோக்கை வாங்கியதும் அவர் காலத்தில்தான். அந்த ஒளிபரப்புக்கு இரண்டு நாள் கழித்து, ஜூன் 1-ஆம் திகதி, ஜிம் ரையன் விட்டுப்போன நாற்காலியில் ஹிடேயாகி நிஷினோவோடு பங்குபோட்டு உட்காரப் போகிறார்.

இவருக்குப் பழைய கதை ஒன்று உண்டு. அம்ஸ்டர்டாமில் கெரில்லா என்ற ஸ்டூடியோவை நடத்தியவர் ஹல்ஸ்ட். 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு கில்சோன் என்ற துவக்கு விளையாட்டைச் செய்தார்கள். மைக்ரோசொஃப்டின் ஹேலோவையே இது கவிழ்க்கும் என்று பத்திரிகைகள் எழுதின. கவிழ்க்கவில்லை. வாங்கியவர்கள் முகம் வாடியது. ஆனால் ஹல்ஸ்ட் ஓடவில்லை. 2009-இல் இரண்டாம் பாகத்தோடு வந்தார். அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

ஒரு தோல்வியிலிருந்து எப்படி எழும்புவது என்று தெரிந்த மனிதர். கொன்கோர்ட்டின் விதி கடைசியில் அவர் கைக்குத்தான் வரும்.

பொறுங்கள். திரைக்குத் திரும்புவோம். நிகழ்ச்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நடுப்பகுதி. அடுத்த விளையாட்டின் பெயர் வந்தது.

மார்வெல் ரைவல்ஸ்.

அணியணியாகச் சண்டை. ஆளுக்கொரு வல்லமை. கொன்கோர்ட்டின் அதே வகை. ஆனால் இங்கே நிற்பவர்கள் ஸ்பைடர்மேன், அயன்மேன், ஹல்க். சின்னப்பிள்ளைக்கும் பெயர் தெரிந்தவர்கள். செய்வது சீனாவின் நெட்ஈஸ்.

விலை? ஒரு சதமும் இல்லை.

கவனியுங்கள். இது நடந்தது போட்டி நிறுவனத்தின் மேடையில் அல்ல. சோனியின் சொந்த மேடையில். கொன்கோர்ட்டைக் காட்டிய அதே நிகழ்ச்சியில், கொஞ்ச நேரம் கழித்து.

நல்லூர்த் திருவிழா வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போட்டுச் சர்பத்தைச் சும்மா வார்க்கிறார்கள். அந்தப் பந்தலுக்குப் பக்கத்திலேயே அதே சர்பத்துக்கு விலை போட்டு ஒருவர் கடை திறந்தால் யார் போவார்கள்? கடைக்காரரின் சர்பத் எவ்வளவு நல்லதாக இருந்தால்தான் என்ன?

40 டொலர் என்றால் நம் காசில் ஏறத்தாழ 12,000 ரூபாய். அந்த விலைக்குப் புதுமுகங்கள் பதினாறு பேர். பக்கத்தில் ஸ்பைடர்மேன் சும்மா நிற்கிறார்.

கடைசி விளையாட்டு வந்தது. நிகழ்ச்சியை முடித்து வைக்க வந்தது ஒரு குட்டி ரோபோ.

அஸ்ட்ரோ பொட்.

வெள்ளை உடம்பு, நீலக் கண்கள். தோக்கியோவில் டீம் அசோபி என்ற சின்னக் குழு செய்தது. நிக்கோலா டூசே தலைமையில் அறுபது சொச்சம் பேர். இணையம் தேவையில்லை. யாரையும் தேடிப் பத்துப் பேர் சேர்க்க வேண்டியதில்லை. தனி ஆளாக உட்கார்ந்து குதித்துக் குதித்து விளையாடிச் சிரிக்கலாம். பார்த்தவர்கள் எல்லோர் முகத்திலும் மலர்ச்சி.

அதற்கும் ஒரு திகதி போட்டார்கள்.

செப்டெம்பர் 6.

இரண்டு திகதியும் கையில் இருக்கிறதா? ஓகஸ்ட் 23. செப்டெம்பர் 6. நடுவில் 14 நாள்.

இனி நம் ஊர்ப் பக்கம் ஒரு நடை.

கோப்பாயில் இருக்கிற ஒரு பெடியன் இப்படி ஒரு விளையாட்டை வாங்க நினைத்தால் என்ன செய்ய வேண்டும்? முதலில் பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் திறக்க வேண்டும். நாட்டுப் பட்டியலை விரித்துப் பார்ப்பான். இந்தியா இருக்கும். சிங்கப்பூர் இருக்கும். இலங்கை இருக்காது.

சோனியின் கணக்கில் நாம் இல்லவே இல்லை. பெடியள் வேறு நாட்டுப் பெயரைப் போட்டுக் கணக்குத் திறந்து சமாளிக்கிறார்கள். லண்டன் மாமாவின் முகவரி உதவுகிறது.

அந்த மே மாதத் தொடக்கத்திலேயே இது பெரிய கலவரமாக வெடித்திருந்தது. கணினியில் ஹெல்டைவர்ஸ் விளையாடுகிறவர்களும் இனி பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்க வேண்டும் என்று சோனி சொன்னது. கணக்கே திறக்க முடியாத 170-க்கு மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஸ்டீம் கடையில் விற்பனை நின்றது. அந்தப் பட்டியலில் இலங்கையும் ஒன்று. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட எதிர்ப்புக் குறிப்புகள் குவிந்தன. மூன்றே நாளில் சோனி அந்தக் கட்டளையைத் திரும்பப் பெற்றது.

ஆனால் கணினியில் கொன்கோர்ட் விளையாடவும் அதே கணக்கு வேண்டும் என்றார்கள். ஹெல்டைவர்ஸ் மனக்கசப்பு ஆறுவதற்குள் கொன்கோர்ட் மேடையேறியது. நேரம் எப்படிக் கூடி வந்தது பார்த்தீர்களா?

இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. துவக்குச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. பேரன் அறையில் வேட்டுச் சத்தம் எழும்பினால் அம்மம்மாவின் கை ஒரு கணம் நின்றுவிடும். பேரனுக்கு அது வெறும் விளையாட்டு. அவனுக்கு அப்படி மட்டுமே இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன். ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வை, தம்பி.

யூலை வந்தது. கொன்கோர்ட்டை விற்பனைக்கு முன் சோதித்துப் பார்க்க வாசலைத் திறந்துவிட்டார்கள். ஒரு வார இறுதியில் யார் வேண்டுமானாலும் வரலாம். காசு வேண்டாம்.

பிளேஸ்டேஷனில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று சோனி வெளியே சொல்வதில்லை. ஆனால் கணினிக்காரர்களின் ஸ்டீமில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உலகமே பார்க்கலாம்.

பார்த்தார்கள்.

உச்சக்கட்டத்தில் 2,388 பேர்.

சும்மா கொடுத்தும் இவ்வளவுதான் என்றால், 40 டொலர் கேட்டால்?

அந்த நேரத்தில் ஒருவர் எழும்பி, கொஞ்சம் நிறுத்துவோம், விலையை எடுத்துவிடுவோம், ஆறு மாதம் தள்ளிப்போடுவோம் என்று சொல்லியிருந்தால்? கதை மாறியிருக்குமோ என்னவோ. ஆனால் டிஸ்க் அடித்தாயிற்று. கொன்கோர்ட் பெயரில் தனி நிறத்தில் ஒரு கொன்ட்ரோலர்கூடச் செய்தாயிற்று. ஒக்டோபரில் முதல் பருவம் என்று அட்டவணையும் போட்டாயிற்று.

ஓகஸ்ட் 23 விடிந்தது. வெள்ளிக்கிழமை.

நமக்கு அன்று நல்லூரில் பதினைந்தாம் திருவிழா. கோப்பாயிலிருந்து இருபாலை, கல்வியங்காடு வழியாகச் சனம் நல்லூருக்குப் போய்க்கொண்டிருந்த நாட்கள். அந்த நாளில்தான் கொன்கோர்ட் கடைக்கு வந்தது.

விளையாட்டு மோசமா? இல்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. துவக்கு கைக்கு நன்றாக இருக்கிறது, களங்கள் அழகு என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. பஞ்சியில் படித்த கை பொய் சொல்லவில்லை. ஆனால் நடை மந்தம் என்றார்கள். இன்னொரு சிக்கல், விதிமுறைக்குள்ளேயே இருந்தது. ஒரு வீரனோடு செத்தால் அடுத்த தடவை வேறு வகை வீரனோடு வா, உனக்குக் கூடுதல் பலம் தருகிறோம் என்றது விளையாட்டு. யோசித்துச் செய்த விதிதான். ஆனால் இந்த வகை விளையாட்டில் பெடியனுக்கு ஒரு வீரனைப் பிடித்துப்போக வேண்டும். இவன் என் ஆள் என்று ஒட்டிக்கொள்ள வேண்டும். கொன்கோர்ட் ஒட்ட விடவில்லை.

கதையை அவர்கள் மறக்கவும் இல்லை. வாரம் ஒரு குட்டிப்படம் போடுவோம், லெனொக்ஸின் கூட்டத்துக்கு என்ன நடந்தது என்று தொடர்ந்து சொல்வோம் என்று திட்டம் வைத்திருந்தார்கள். வாரத் தொடர்! இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அடுத்த வாரம் என்று சொல்லி வாசகரை நிறுத்துகிறவனுக்குத்தான் தெரியும், அந்த அடுத்த வாரம் கிடைக்காமல் போவது என்னவென்று. அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே வாரம்.

முதல் நாளில் ஸ்டீமின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. நூறு. முந்நூறு. ஐந்நூறு.

697.

அங்கேயே நின்றது. அதற்குமேல் ஒரு நாளும் ஏறவில்லை.

ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஆள் குறைந்தால் ஆட்டம் சேரக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து அலுத்தவன் போய்விடுவான். அவன் போனதால் அடுத்தவன் இன்னும் கூடக் காத்திருக்க வேண்டும். தனியாக விளையாடும் விளையாட்டைப் பத்துப் பேர் வாங்கினாலும் பத்துப் பேரும் மகிழலாம். இங்கே அப்படி இல்லை. கூட்டம்தான் விளையாட்டே.

செப்டெம்பர் 1. நல்லூரில் தேர்.

செப்டெம்பர் 2. தீர்த்தம்.

செப்டெம்பர் 3. ஊர் களைத்துப்போய் ஓய்வெடுத்த நாள். அன்றுதான் ரையன் எல்லிஸின் பெயரில் ஓர் அறிவித்தல் வெளியானது. விளையாட்டின் சில பகுதிகளும் அறிமுகமும் நாங்கள் நினைத்தபடி அமையவில்லை. விற்பனையை உடனே நிறுத்துகிறோம். வாங்கியவர்கள் எல்லோருக்கும் முழுக் காசும் திருப்பித் தரப்படும். விளையாட்டை இணையத்திலிருந்து இறக்குகிறோம்.

சாரம் இவ்வளவுதான். ஆண்டுக்கணக்கான உழைப்பு, ஓர் அறிவித்தலில்.

எந்த நாளில் இறக்குகிறார்கள்?

செப்டெம்பர் 6.

ஆம். மே மாத மேடையில் நீங்கள் கையில் பிடித்து வைத்த அந்த இரண்டாவது திகதி. நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்தவன் விழுகிற நாளும், முடித்துவைத்தவன் பிறக்கிற நாளும் ஒன்று. அஸ்ட்ரோ பொட்டின் டிஸ்க் கடைகளில் அடுக்கப்பட்ட அன்று, கொன்கோர்ட்டின் டிஸ்க் வெறும் வட்டத் தகடாகிவிட்டது. உள்ளே போட்டாலும் பேச ஆள் இல்லை. மறுமுனையில் சேர்வரை நிறுத்திவிட்டார்கள்.

இடைப்பட்ட மூன்று நாளில் ஒரு விநோதம் நடந்தது. பிளேஸ்டேஷனில் ஒரு விளையாட்டின் சாதனைகள் அத்தனையையும் முடித்தால் பிளாட்டினம் கோப்பை கிடைக்கும். கொன்கோர்ட் மூடிவிட்டால் அந்தக் கோப்பை இனி யாருக்கும் கிடைக்காது. அபூர்வப் பொருளுக்கு அலைகிறவர்கள் ஓடி வந்தார்கள். வென்றாலும் தோற்றாலும் புள்ளி ஏறும் என்று கண்டுகொண்டார்கள். சண்டை பிடித்து நேரத்தை வீணாக்குவானேன்?

களத்தின் விளிம்புக்கு ஓடினார்கள். குதித்தார்கள். செத்தார்கள். எழும்பி மறுபடி ஓடிக் குதித்தார்கள்.

துவக்கு ஒவ்வொன்றின் எடையையும் வருடக்கணக்காகச் செதுக்கியவர்கள் பெல்வியூவில் இருந்தார்கள். அவர்கள் செய்த களத்தில் கடைசி நாட்களில் ஒருவரும் சுடவில்லை. குதித்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். கொன்கோர்ட்டின் ஆயுள் 14 நாள். கொடியேறிய பிறகு வந்து, தீர்த்தம் முடிந்த நாலாம் நாள் போய்விட்டது.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா?

எல்லிஸின் அறிவித்தலை இன்னொரு தடவை வாசியுங்கள். நிரந்தரமாக மூடுகிறோம் என்ற பேச்சே அதில் இல்லை. ஆட்டக்காரரை இன்னும் நன்றாகச் சென்றடைகிற வழிகளை ஆராய்வோம் என்றுதான் இருந்தது. அப்படியென்றால்? விலையை எடுத்துவிட்டு இலவசமாகத் திரும்பி வரப் போகிறார்களா? உலகம் முழுக்க அதைத்தான் பேசியது.

கோப்பாய்க்காரருக்கு இது புதிதா? 1560-இல் பறங்கிப்படை நல்லூருக்குள் புகுந்தபோது சங்கிலி மன்னன் ஒதுங்கியது நம் கோப்பாய்க் கோட்டைக்குத்தான். மன்னன் முடிந்தான் என்றுதான் பறங்கியரும் நினைத்தார்கள். ஆனால் சனம் கிளர்ந்தது. பறங்கியர் வெளியேற வேண்டி வந்தது. சங்கிலி திரும்பி வந்தான். பின்வாங்கியவன் எல்லாம் தோற்றவன் இல்லை என்று இந்த மண்ணுக்குத் தெரியும்.

ஹெர்மன் ஹல்ஸ்டுக்கும் தெரியும். கில்சோனிலிருந்து எழும்பி வந்தவர் அல்லவா?

ஃபயர்வோக்கின் ஊழியர்கள் காத்திருந்தார்கள். செப்டெம்பர் போனது. ஒக்டோபர் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் வரவில்லை.

ஒக்டோபர் 29. ஹல்ஸ்டிடமிருந்து ஊழியர்களுக்கு ஒரு கடிதம் போகிறது.

அதில் ஃபயர்வோக்கின் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில், யாரும் எதிர்பார்க்காத இன்னொரு ஸ்டூடியோவின் பெயரும் இருந்தது.

எது அந்த இரண்டாவது பெயர்? ஏன் அது அங்கே வந்தது?

(அடுத்த வாரம்)